இன்னொரு புகைப்படக் கலைஞரின் பாணியில் படம் எடுக்கும்போது என் ஆட்களின் முகம் தொலைந்துபோகிறது. என்ன செய்யலாம்?

நிழல்தேடி, பினாங்கு

வணக்கம். இங்கே ஒரு கல்லூரியில் புகைப்படக் கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு பிறையில், தினமும் ஃபெரிப் படகில்தான் தீவுக்குப் போகிறேன். இந்த செமஸ்டரில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். வண்ணத்தில் பேர்போன மூன்று புகைப்படக் கலைஞர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் பாணியிலும் நான்கு உருவப்படங்கள் எடுக்க வேண்டும். கடைசியில் சொந்தப் பாணியில் நான்கு. நான் எடுத்துக்கொண்டவர்கள் ஸ்டீவ் மெக்கரி, சால் லைட்டர், வில்லியம் எக்கிள்ஸ்டன்.

முதலில் மெக்கரி. 1984இல் பாகிஸ்தானின் நாசிர் பாக் அகதிகள் முகாமில் அவர் எடுத்த ஆப்கானியச் சிறுமியின் படம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பச்சைப் பின்னணி, செம்பழுப்பு முக்காடு, நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டு லெபோ பாசார் தெருவில் பூ கட்டும் ஓர் அக்காவிடம் கேட்டேன். சின்ன வயதிலிருந்தே அவரைத் தெரியும். தைப்பூசத்துக்கு அம்மா அவரிடம்தான் மாலை வாங்குவார். பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு கடைக்கதவு முன்னால் நிற்க வைத்து, நான் கொண்டுபோன அரக்கு நிறத் துப்பட்டாவை அவர் தலையில் போட்டுவிட்டேன். சிரிக்க வேண்டாம் என்று சொன்னேன். கேமராவில் வெல்வியா என்ற அடர்நிற அமைப்பை வைத்திருந்தேன், வீட்டுக்கு வந்து லைட்ரூம் மென்பொருளில் இன்னும் கொஞ்சம் நிறம் ஏற்றினேன். வகுப்பில் எல்லாரும் பாராட்டினார்கள்.

பிரிண்ட் போட்டு அக்காவிடம் கொண்டுபோனேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "யாரும்மா இது? ஏன் இவ்வளவு கோபமா இருக்கா?" என்றார். இன்னொரு முறை பார்த்துவிட்டு, "என் நிறம் இது இல்லையே பாப்பா. செம்புக் குடம் மாதிரி இருக்கேன்" என்று சொல்லி, படத்தை வாழை நார்க் கட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்து லைட்டர். ஓவியராக வேண்டும் என்று நியூயார்க் போனவர். மழை வழியும் கண்ணாடி, பனி, குடை இவற்றுக்கு இடையிலிருந்துதான் ஆட்களைப் பார்ப்பார். படத்தில் பாதிக்கு மேல் இருட்டாகவே இருக்கும், எங்கோ ஒரு மூலையில் ஒரு துளி சிவப்பு. போன வாரம் சாயங்கால மழையில் ஒரு தோசைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று, கல்லில் மாவு ஊற்றும் அண்ணனை எடுத்தேன். ஆவி, மஞ்சள் விளக்கு, அவருடைய சிவப்புத் தொப்பி. படம் அழகு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் வேறு யார் நின்றிருந்தாலும் அதே படம்தான் வந்திருக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் புரியவில்லை. எக்கிள்ஸ்டன் 1973இல் மிசிசிப்பியில் ஒரு வீட்டின் சிவப்புக் கூரையை எடுத்தார். நடுவில் வெறும் பல்பு, அதை நோக்கி ஓடும் வெள்ளை வயர்கள், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தாத்தாவைக் கூடத்தில் எடுத்தேன். வெளிர்பச்சைச் சுவர், சாமி மேடையில் எப்போதும் எரியும் சிவப்பு பல்பு, தேதி கிழிக்கும் காலண்டர், பிளாஸ்டிக் நாற்காலியில் கைலியோடு தாத்தா. சுவரின் பச்சை ஒரு கன்னத்தில் ஏறியிருந்தது, பல்பின் சிவப்பு இன்னொரு பக்கக் காதில். எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார்.

மூன்று இடத்திலும் நான் இன்னொருவர் பாணியைத்தான் பின்பற்றினேன். ஓர் இடத்தில் ஆள் தொலைந்துபோகிறார், இன்னோர் இடத்தில் கிடைக்கிறார். ஏன்? அப்புறம், நம் தோல் நிறத்தை எப்படி உள்ளபடி கொண்டுவருவது? இணையத்தில் நான் இறக்கிப் பார்த்த பிரீசெட்கள் (ஆயத்த நிற அமைப்புகள்) எல்லாம் நம் முகத்தை ஒன்று ஆரஞ்சாக்குகின்றன, இல்லை சாம்பலாக்குகின்றன. என்னிடம் இருப்பது பழைய ஃபூஜி கேமரா, 35 மி.மீ. லென்ஸ் ஒன்றே ஒன்று. சொந்தப் பாணிப் படங்களுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இருட்டறை, கோலாலம்பூர்

கேளும்மா. நான் 1979இலிருந்து ஸ்டூடியோவில் வேலை பார்த்தவன். கல்யாணம், காதுகுத்து, ஐசி (அடையாள அட்டை) படம் எல்லாம் எடுத்திருக்கிறேன்.

உங்கள் தாத்தா படத்தில் இருக்கும் பச்சையும் சிவப்பும் அவருடையவை. அவர் உட்காரும் இடம், அவர் கும்பிடும் விளக்கு. பூக்கார அக்கா தலையில் போட்ட துப்பட்டா யாருடையது? நீங்கள் கொண்டுபோனது. கதவு பக்கத்துக் கடைக்காரருடையது. அவருடைய பொருள் என்று அந்தப் படத்தில் ஒன்றுகூட இல்லை. தன்னை அதில் தேடிப் பார்த்துக் கிடைக்காமல்தான் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

இனித் தோல் நிறம். கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், அதாவது விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பும் சாம்பல். கறுத்த முகம் சட்டம் நிறைய இருந்தால் தேவைக்கு மேல் வெளுப்பாக்கிவிடும். பக்கத்தில் ஒரு கூடை மல்லிகை இருந்தால் பூவைப் பார்த்துப் பயந்து முகத்தைச் சேறாக்கிவிடும். அதனால் ஒரு சின்ன இடத்து ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்து அளந்து, அரையிலிருந்து ஒரு ஸ்டாப் வரை ஒளியைக் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). வெல்வியாவை எடுத்துவிடுங்கள். அந்தப் பெயரில் வந்த ஃபிலிமே காடு மலை எடுப்பவர்கள் விரும்பிப் போட்டது, முகத்துக்கு ஆகாது. கேமராவிலேயே இருக்கும் மென்மையான ஆஸ்டியா அமைப்பை வைத்துப் பாருங்கள். மெக்கரியின் சிறுமி படம் கோடாக்ரோம். அந்த ஃபிலிம் நிறத்தைக் கத்த விடாது, கறுப்பை ஆழமாக்கும். அந்த ஆழத்தின்மேல் நிறம் நிற்பதால்தான் நமக்குப் பலமாகத் தெரிகிறது.

ஃபிலிம் காலத்திலும் இதே தொல்லைதான். லேப் மெஷினைச் சரிபார்க்க ஷர்லி கார்டு என்று ஒன்று வரும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவர் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி என்று கணக்கு. அந்தக் கணக்கில் போட்டால் எங்கள் மாப்பிள்ளைகள் முகத்தில் கண்ணும் பல்லும்தான் தெரியும். ஒவ்வொரு கல்யாண ஆல்பத்துக்கும் நான் லேப்பில் போய் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லித் திருத்தி வாங்குவேன்.

வெளிச்சத்துக்கு நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். ஜார்ஜ்டவுன் கடைகளின் அஞ்சடியே (கடை முன்னால் உள்ள நடைபாதை) ஸ்டூடியோதான். மேலே கூரை, ஒரு பக்கம் தெரு, கீழே சிமெண்டுத் தரை. உச்சி வெயில் தலையில் விழாமல், தெருவிலிருந்து பக்கவாட்டில் மெத்தென்று வரும், தரையிலிருந்தும் கொஞ்சம் எழும்பும். நம் தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது கன்ன எலும்பிலும் மூக்கிலும் விழும் அந்தப் பளபளப்புத்தான். பவுடர் போட்டு அதை அழிக்க வேண்டாம்.

நேரம் கிடைத்தால் மாலி நாட்டு செய்டு கெய்ட்டாவின் படங்களைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைதான், ஆனாலும் பாருங்கள். 1948இலிருந்து பாமாக்கோவில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். முற்றத்து வெளிச்சத்தில் எடுப்பார். தன் கட்டில் விரிப்பையே பின்னால் தொங்கவிட்டிருக்கிறார். வந்தவர்கள் ரேடியோ, கைக்கடிகாரம், ஸ்கூட்டர் என்று தாங்கள் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படி நின்றார்கள். படம் அவர்கள் வீட்டுக்குப் போனது. அந்த ஆப்கானியச் சிறுமி தன் படத்தை முதன்முதலில் பார்த்தது 2002இல். நேஷனல் ஜியாக்ரபிக் இதழின் அட்டையில் வந்து 17 வருடம் கழித்து. நீங்கள் அக்காவிடம் பிரிண்டைக் கொண்டுபோனீர்களே, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மயில்கழுத்து, கோலாலம்பூர்

தங்கச்சி, எனக்குக் கேமரா தெரியாது. மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடையில் 14 வருடம் சேலை எடுத்துப் போட்டிருக்கிறேன். நிறம் பற்றி என்பதால் எழுதுகிறேன்.

கடையில் டியூப் லைட் அடியில் பார்த்துச் சேலை எடுப்பவர்களை நாங்கள் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போவோம். உள்ளே மெரூனாகத் தெரிந்தது வெளியே அரக்காக இருக்கும், உள்ளே நீலம் வெளியே கத்தரிப்பூவாக இருக்கும். தோளில் போட்டுவிட்டுச் சேலையைப் பார்க்க மாட்டோம், முகத்தைப் பார்ப்போம். ஒரு சேலை போட்டதும் முகம் முன்னால் வரும். இன்னொன்று போட்டால் சேலை மட்டும் நிற்கும், முகம் பின்னால் போய்விடும். கிளிப்பச்சையில் அது அடிக்கடி நடக்கும், பச்சை தாடைக்கு அடியில் ஏறிக் கழுத்து சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். உங்கள் அக்காவுக்குப் பின்னால் பச்சைக் கதவு, முன்னால் அரக்குத் துணி. இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிவிடுகிற நிறங்கள். நடுவில் பாவம் அவர் முகம் என்ன செய்யும்? அந்தச் சிறுமிக்குக் கண் வெளிர்நிறம், அதனால் தாங்கியது. நம் ஆட்களுக்குக் கண் கறுப்பு.

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வெங்காயத்தோல் நிறம், மாம்பழ மஞ்சள், பாக்கு நிறம் எல்லாம் நன்றாகச் சேரும். ஆனால் இதையும் விதியாக வைத்துக்கொள்ள வேண்டாம். மயில்கழுத்துப் பட்டில் பாவு (நெடுக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். மடிப்புக்கு மடிப்பு மாறும், கட்டினவர் திரும்பினால் அதுவும் திரும்பும். அதில் எது நிறம் என்று கேட்டால் நான் எதைச் சொல்ல? அந்த அக்காவையே கேளுங்கள், எந்தச் சேலை கட்டினால் அவருக்குச் சந்தோஷம் என்று. பெண்களுக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

105மிமீ, பினாங்கு

மேலே இரண்டு பேரும் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் பின்பற்றுவதைக் குறைவாக நினைத்து விட்டுவிடாதீர்கள், இன்னும் கறாராகச் செய்யுங்கள். மெக்கரி அந்தப் படத்தை எடுத்தது 105 மி.மீ. லென்ஸில். உங்கள் 35 மி.மீ. அந்தக் கேமராவில் ஏறக்குறைய 50க்குச் சமம். அதே அளவு முகம் வர நீங்கள் இரண்டு மடங்கு கிட்டே போயிருப்பீர்கள். மூக்கு பெரிதாகியிருக்கும், அக்காவும் விறைத்துப்போயிருப்பார். அவர் கோபமாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் லென்ஸுக்கு இடுப்பு வரை எடுங்கள், கை தெரியட்டும். பூக் கட்டுகிற கை!

ரகுபீர் சிங்கையும் பாருங்கள். ஜெய்ப்பூரில் பிறந்தவர், 1966இல் அங்கே கறுப்பு வெள்ளைக்குப் பேர்போன பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் வேலை செய்வதைக் கூடவே இருந்து பார்த்தவர். அவரிடமிருந்து சட்டம் அமைப்பதை எடுத்துக்கொண்டார், கறுப்பு வெள்ளையை எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி வரை வண்ணத்திலேயே எடுத்தார். யாரிடம் எதை எடுப்பது, எதை விடுவது என்று அவரைப் பார்த்தால் தெரியும்.

நிழல்தேடி, பினாங்கு

மூவருக்கும் நன்றி. நேற்றுக் காலை பத்து மணிக்குப் போனேன். முதலில் கேமராவை எடுக்கவே இல்லை. அக்காவுக்குப் பிடித்த சேலை எது என்று கேட்டேன். வெங்காயத்தோல் நிறத்தில் ஒன்று இருக்கிறதாம், மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. நேற்று அதைக் கட்டியிருக்கவில்லை, வேலைக்குக் கட்டும் நைந்த நீலச் சேலைதான். அதிலேயே எடுக்கச் சொன்னார்.

அஞ்சடியில் அவர் முக்காலியில் உட்கார்ந்தபடியே, இடுப்பு வரை எடுத்தேன். பின்னால் அவருடைய நீல வாளி, மஞ்சள் சாமந்திக் குவியல். கன்னத்தில் அளந்து முக்கால் ஸ்டாப் குறைத்தேன், ஆஸ்டியாவில் வைத்தேன். கேமரா திரையில் பார்த்தபோதே தெரிந்தது, கன்னத்தில் அந்த இருட்டறை ஐயா சொன்ன பளபளப்பு அப்படியே இருந்தது. லைட்ரூமில் நிறத்தைத் தொடவில்லை. மல்லிகை மட்டும் ஓர் இடத்தில் வெளுத்துவிட்டது, அதை இன்னும் சரிசெய்யத் தெரியவில்லை. அக்கா பாதிப் படங்களில் பக்கத்துக் கடை அங்கிளிடம் பேசிக்கொண்டிருக்கிறார், வாய் திறந்திருக்கிறது. அதில் ஒன்றுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

திரையில் காட்டினேன். கிட்டே வைத்துப் பார்த்தார். "மூக்குத்தி போடாம வந்துட்டேனே" என்றார். வெள்ளிக்கிழமை அதையும் போட்டுக்கொண்டு, வெங்காயத்தோல் சேலையும் கட்டிக்கொண்டு வருவாராம். ஜொகூரில் இருக்கும் மகனுக்கு அனுப்ப இரண்டு பிரிண்ட் கேட்டிருக்கிறார். கூட்டம் வரும் முன்னால் ஏழரைக்கே வரச் சொன்னார். வெளிச்சம் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் எப்படி விழும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாளை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.