ஜன்னல் கண்ணாடியில் நாலு மாதம் காய்ந்த மாஸ்கிங் டேப்

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். திருச்சியில் சொந்த வீடு. மாடி அறையில் மேற்குப் பார்த்த ஜன்னல்கள் இரண்டு. மரச்சட்டத்துக்கு எனாமல் அடிக்கும்போது கண்ணாடியில் படக்கூடாது என்று ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப், நடுவில் செய்தித்தாள். வேலை முடிந்ததும் கீழ்த்தளத்து டேப்பை எல்லாம் உரித்துவிட்டார்கள். மாடி அறை பூட்டிக் கிடந்ததால் அது யார் நினைவிலும் இல்லை. சித்திரைக் கடைசியில் மகன் விடுமுறைக்கு வருகிறான் என்று திறந்தபோதுதான் பார்த்தேன். செய்தித்தாள் பழுத்து, தொட்டதும் அப்பளம் போல நொறுங்கியது. டேப் மட்டும் அசையவில்லை.

நகத்தால் முனையைக் கிளப்பி இழுத்தால் மேல்தாள் விரல் நீளத்துக்குக் கிழிந்து வந்தது. அடியில் பழுப்பு நிறத்தில் பசை. சட்டத்தின் நிழல் விழும் இடத்தில் அது பலாப்பால் போல விரலோடு இழுத்துக்கொண்டு வந்தது. நேராக வெயில் படும் இடத்திலோ அரக்கு மாதிரி இறுகிப்போயிருந்தது. ஒரே டேப், ஒரே ஜன்னல், இரண்டு விதமான தொல்லை.

முதலில் வெந்நீரில் துணி நனைத்துத் தேய்த்தேன். தாள் ஊறி உருண்டு வந்துவிட்டது, பசைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது. பசை போனது உண்மைதான். ஆனால் மாலையில் வெயில் சாய்வாக விழும்போது அந்த ஒரு கண்ணாடியில் மட்டும் சிலந்தி வலை போலக் கோடுகள் தெரிகின்றன. இனி அது போகாது. இன்னொருவர் வீட்டுக் கண்ணாடிக்கு இந்தக் கதி வரக்கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வழி சொன்னது என் மாமியார். பீரோ கண்ணாடியில் வருஷக்கணக்காக ஒட்டி ஒட்டி எடுக்கும் ஸ்டிக்கர் பொட்டுப் பசையை அவர் தேங்காய் எண்ணெய் தொட்டுத்தான் எடுப்பார். "தண்ணிக்கு இது மசியாதும்மா, எண்ணெய் வச்சு ஊற விடு" என்றார். யோசித்தால் அதுதான் சரி. டேப்பின் மேலே இருப்பது காகிதம், கீழே இருப்பது ரப்பர் கலந்த பசை. காகிதம் தண்ணீருக்கு ஊறும், ரப்பர் பசை எண்ணெய்க்குத்தான் இளகும். இரண்டையும் ஒன்றாக நினைத்து மல்லுக்கட்டியதுதான் நான் செய்த தவறு.

இளகலாக இருந்த பகுதி தேங்காய் எண்ணெய்க்கே வந்துவிட்டது. இறுகிய பகுதிக்கு நீலகிரித் தைலம் வேண்டியிருந்தது. நிற்கும் கண்ணாடியில் தைலம் வழிந்துவிடும், நிற்காது. அதனால் பஞ்சைப் பட்டையாக நீட்டி, தைலத்தில் நனைத்துப் பசை மேல் ஒட்டினேன். ஆவியாகாமல் இருக்க வெட்டிக் கழுவிய பால் கவரை அதன் மேல் அழுத்தி வைத்தேன். அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் பசை வெண்மையாகிச் சுருங்கியிருந்தது. காலாவதியான ஏடிஎம் கார்டை வைத்துத் தள்ளினேன், சுருள் சுருளாக வந்தது! ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்துக்கு மட்டும் புது பிளேடு. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைக் கண்ணாடியில் நன்றாகத் தெளித்து, பிளேடைப் படுத்தாற்போல் பிடித்து, முன்னால் மட்டும் தள்ள வேண்டும். பின்னால் இழுத்தால் அடியில் சிக்கிய தூசி கீறிவிடும். துருப்பிடித்த பிளேடு வேண்டவே வேண்டாம்.

மேற்கு ஜன்னல் என்பதால் காலையிலேயே முடித்துவிட்டேன். கண்ணாடி சுட்டால் தைலம் உடனே ஆவியாகிவிடும். அது தீப்பிடிக்கும் பொருளும்கூட, அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெயிண்டில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள்.

இன்னும் ஒரு ஜன்னல் பாக்கி. இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

சகோதரி, நான் இருபது வருஷமாகப் பெயிண்டிங் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன முறை சரி. அடுத்த ஜன்னலில் டேப்பைத் தொடுவதற்கு முன்னால், சட்டமும் டேப்பும் சேரும் கோட்டில் பிளேடால் மெல்லக் கீறிவிடுங்கள். எனாமல் காய்ந்து டேப் மேலும் சட்டம் மேலும் ஒரே தோலாகப் படர்ந்திருக்கும். கீறாமல் இழுத்தால் டேப்போடு சட்டத்துப் பெயிண்டும் உரியும். நாங்கள் கடைசிக் கோட் முழுசாகக் காய்வதற்கு முன்பே டேப்பை எடுத்துவிடுவோம். வெயில் படும் கண்ணாடியில் சாதா டேப்பை இரண்டு நாளுக்கு மேல் விடவே கூடாது. உங்கள் வீட்டில் வேலை செய்தவர்கள் மாடிக்கும் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அது வீட்டுக்காரர் வேலை இல்லை.

* * *

கார் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த டேப் பிறந்ததே எங்கள் தொழிலுக்காகத்தான். அமெரிக்காவில் காருக்கு இரண்டு வண்ணம் அடிப்பவர்கள் படும் பாட்டைப் பார்த்து, 3எம் நிறுவனத்தில் இருந்த ரிச்சர்ட் ட்ரூ 1925-இல் உருவாக்கியது. ஒட்டிய வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டிய பொருள், மாதக்கணக்கில் வெயிலில் நிற்பதற்கு இல்லை.

தாள் கிழியாமல் வர, தலைமுடி உலர்த்தும் டிரையரால் மிதமாகச் சூடு காட்டி, டேப்பை அதன் மேலேயே மடக்கினாற்போல் மெதுவாக இழுங்கள். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். அரக்காக இறுகிய இடத்துக்கு இது உதவாது, அங்கே உங்கள் பால் கவர் முறைதான்.

* * *

எங்களுடையது கோயம்புத்தூரில் வாடகை வீடு. கண்ணாடியின் உள்பக்கம் சன் ஃபிலிம் ஒட்டியிருப்பது தெரியாமல் தின்னர் போட்டுத் துடைத்தேன். ஃபிலிம் சுருங்கிக் குமிழ் விட்டது. முழுதாகப் பிய்த்து வேறு ஒட்டிக் கொடுத்தோம். உங்கள் கண்ணாடியிலும் ஃபிலிம் இருக்கிறதா என்று ஓரத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். இருந்தால் பிளேடும் வேண்டாம், தின்னரும் வேண்டாம்.

* * *

எல்லோருக்கும் நன்றி. ஃபிலிம் இல்லை, பார்த்துவிட்டேன். இன்று காலை இரண்டாவது ஜன்னலை முடித்தேன். முதலில் ஓரத்தைக் கீறியதால் சட்டத்துப் பெயிண்ட் ஒரு பொட்டுகூடப் பெயரவில்லை. நிழல் பக்கத்து டேப் டிரையர் சூட்டில் முழு நீளத்துக்கு ஒரே துண்டாக வந்தது. மிச்சத்துக்குத் தைலம் ஊறிக்கொண்டிருந்த அரை மணி நேரமும் மாமியார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கவரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தக் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.