மறுமொழி: கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். ஆங்கிலத்தில் 'பிக்கர்' என்பதுபோல ஒன்றோடு ஒப்பிட்டுக் கூட்டியோ குறைத்தோ சொல்வது கம்பேரட்டிவ்; 'பிக்கஸ்ட்' என்பதுபோல ஒரு கூட்டத்தின் கடைக்கோடியில் இருப்பதைச் சொல்வது சூப்பர்லேட்டிவ். ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்கும் பாடத்துக்கு இவற்றுக்கான சொல் தேடுகிறோம் என்பதால், மாணவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே கைகொடுக்கும் சொல்லே நமக்கு வேண்டும்.

> கம்பேரட்டிவுக்கு ஒப்புநிலை, சூப்பர்லேட்டிவுக்கு மிகைநிலை என்று முன்பே புழங்குகின்றனவே, போதாதா?

மிகைநிலை வேண்டவே வேண்டாம். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவதே இந்த 'மிக'வில்தான். "தொட்டபெட்டா மிக உயரமான சிகரம்" என்றால் ரொம்ப உயரம் என்றும் கொள்ளலாம், எல்லாவற்றிலும் உயரம் என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் முன்னது 'எ வெரி ஹை பீக்', பின்னது 'த ஹையஸ்ட் பீக்'. வெரி என்னும்போது எதோடும் ஒப்பிடவில்லை. ஹையஸ்ட் என்றதும் 'எதற்குள்?' என்ற கேள்வி வந்துவிடும். தமிழ்நாட்டுக்குள் என்றால் 2,637 மீட்டர் தொட்டபெட்டா. தென்னிந்தியா முழுவதும் என்றால் 2,695 மீட்டர் ஆனைமுடி. இந்த வரம்பு இல்லாமல் சூப்பர்லேட்டிவே இல்லை. மிகைநிலை என்று பெயர் வைத்தால் இரண்டும் ஒன்று என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகும்.

> அப்படியானால் உச்சநிலை?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'லீஸ்ட் எக்ஸ்பென்சிவ்' என்பதும் சூப்பர்லேட்டிவ்தான்; அதில் விலை அடிமட்டத்தில் கிடக்கிறது. அதை உச்சம் என்று எப்படிச் சொல்வது? உயர்நிலைக்கும் இதே சிக்கல். மேலும் கீழும் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்பதால் 'முனைநிலை' என்று முன்வைக்கிறேன். வடமுனையும் முனைதான், தென்முனையும் முனைதான்.

கம்பேரட்டிவுக்கு ஒப்புநிலையும் சரிவராது. ஒப்பு என்றால் சமம். 'ஆஸ் பிக் ஆஸ்' என்று வருவதுதான் ஒப்பு. 'பிக்கர் தேன்' என்பது சமம் இல்லை என்று சொல்கிறது. இந்த வேறுபாட்டை நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். ஐந்தாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியம் சொல்லும் பொருள் "இதனின் இற்று இது"; அதாவது, இந்தப் பொருளோடு பார்க்க இது இத்தகையது. அதற்கு உரை எழுதியவர்கள் உறழ்பொரு, உவமப்பொரு என்று இரண்டாகப் பிரித்தார்கள். "காக்கையிற் கரிது களாம்பழம்" என்ற பழைய எடுத்துக்காட்டைப் பாருங்கள். காக்கையைப் போலக் கருப்பு என்றால் உவமம், காக்கையைவிடக் கருப்பு என்றால் உறழ்வு. இவ்வளவு துல்லியமான சொல் கையில் இருக்கும்போது வேறெதற்கும் போக எனக்கு மனமில்லை. ஆகவே 'உறழ்நிலை'.

> புணர்ச்சியில் உறழ்ச்சி என்று ஒன்று இருக்கிறதே, குழப்பாதா?

அது எழுத்து இயல்பாகவும் திரிந்தும் இரு விதமாக வருவதைச் சொல்வது. இடம் வேறு, பொருள் வேறு. 'நிலை' சேர்ந்து நிற்பதால் மயங்க வாய்ப்பு குறைவு. பழக்கமில்லாத சொல் என்ற குறை நியாயமானது. பாடத்தில் முதல்முறை வரும்போது 'விட' என்ற சொல்லோடு சேர்த்து விளக்கிவிட்டால் போதும்.

'பிக்' என்று வெறுமே நிற்கும் பாசிட்டிவ் டிகிரிக்கு 'நேர்மறை நிலை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பிழை. இங்கே நெகட்டிவ் என்று எதிர்ப்பக்கமே கிடையாது. 'பேட்' என்ற சொல்லும் பாசிட்டிவ் டிகிரிதான். ஒப்பிடாமல் சொல் தன்பாட்டில் நிற்பதால் இயல்புநிலை.

> ஒப்பிடுவதற்கென்று விகுதியே இல்லாத தமிழில் இதற்கெல்லாம் பெயர் எதற்கு?

விகுதி இல்லை, சரி. பொருள் இருக்கிறதே. "அறத்தினூஉங்கு ஆக்கமும் இல்லை" என்று குறள் சொல்லும்போது, அறத்தைவிடப் பெரிய ஆக்கம் வேறில்லை என்று உறழ்நிலையை மறுத்து முனைநிலைக்குப் போகிறது. 'நோ அதர்' என்று தொடங்கும் வாக்கியமாக மாற்றச் சொல்லித் தேர்வில் கேட்கிறார்களே, அந்தப் பயிற்சியின் உள்ளே இருக்கும் வேலையும் இதுதான். பாடத்தில் இந்தக் குறளைச் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இன்னும் ஒன்று பாக்கி. பிக்கர், பிக்கஸ்ட் என்று சொல்லின் கடைசியில் ஒட்டுவது ஒரு வழி. மோர் பியூட்டிஃபுல், மோஸ்ட் பியூட்டிஃபுல் என்று முன்னால் தனிச்சொல் வருவது இன்னொரு வழி. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு 'மோர் பெட்டர்' என்று எழுதுவதுதான் விடைத்தாள்களில் நிறைய வரும் பிழை. இரு வழிக்கும் தனிப்பெயர் இருந்தால், ஒன்று வந்தால் மற்றது வராது என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம். முதலாவதற்கு 'விகுதிவழி' பொருந்தும். இரண்டாவதற்கு 'அடைவழி' என்று எழுதிப் பார்த்தேன். பெயரடை, வினையடை என்று 'அடை' முன்பே வேலை செய்துகொண்டிருப்பதால் தயக்கமாக இருக்கிறது. 'முன்சொல்வழி' மேலா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.