இல்லாததைக் கண்டவர்கள், கேட்டவர்கள்: உங்கள் அனுபவம்?

கார்முகில்:
பாட்டிக்கு விழித்திரை கெட்டு இரண்டு கண்ணும் மங்கிய பிறகு நடந்தது. பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று, "மூலையில நிக்கிற பிள்ளைங்க யாரு? பச்சைச் சட்டை போட்டுட்டு வாயே திறக்க மாட்டேங்குறாங்க" என்றார். அங்கே யாரும் இல்லை. "இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா கண்ணுக்குத் தெரியுதே. பைத்தியம்னு சொல்லிடுவீங்கன்னுதான் இவ்வளவு நாளா சொல்லல." அந்தக் கடைசி வாக்கியம்தான் இன்னும் மனதை அறுக்கிறது. கண் மருத்துவர் உடனே சொல்லிவிட்டார், சார்ல்ஸ் போனே நோய்க்குறி. பார்வை மங்கிய தன் தாத்தாவுக்குத் தெரிந்த உருவங்களைப் பற்றி 1760-இல் எழுதியவர் போனே. கண்ணிலிருந்து தகவல் குறைந்தால் மூளையே காட்சிகளை உண்டாக்கிக்கொள்ளுமாம். புத்தி தெளிவாகவே இருக்கும்.

தென்றல்:
அப்பாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் இரவு. போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று ஒவ்வொன்றாகக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். நானும் வாங்கிக்கொண்டே இருந்தேன். இதுவும் பாட்டிக்கு வந்த மாதிரிதான், பயப்பட ஒன்றுமில்லை.

நெய்தல்:
இல்லை, இரண்டும் ஒன்றல்ல. எனக்கு ரப்பர் எரியும் நாற்றம் திடீர் திடீரென்று வரும், கடைசியில் வலிப்பு என்று தெரிந்தது. அதனால் சொல்கிறேன். பாட்டிக்கு அது பொய் என்று தெரியும், உங்கள் அப்பா நம்பினார். வயதானவருக்கு ஓரிரு நாளில் இப்படி வந்தால் அது பெரும்பாலும் டெலிரியம், அதாவது திடீரென்று வரும் மனக்குழப்பம். தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புது மருந்து என்று உடம்பில் ஏதோ ஒரு காரணம் இருக்கும், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கண்ணாடி, காது கேட்கும் கருவி இரண்டையும் மாட்டிவிடுங்கள். அறையில் வெளிச்சம் இருக்கட்டும். அப்புறம், லூயி பாடி என்ற வகை மறதிநோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் என்ற மருந்து அவர்களுக்குப் பெரிய ஆபத்து. கயிற்றைப் பாம்பு என்று நினைப்பதையும் இல்லாததைக் காண்பதோடு சேர்க்காதீர்கள், அங்கே கயிறாவது இருக்கிறது.

அல்லி:
கணவர் இறந்த பிறகு அவருடைய இருமல் எனக்குக் கேட்டது. பக்கத்து அறையிலிருந்து, அதே இரட்டை இருமல். எழுந்தே போய்விட்டேன். வேல்ஸில் துணையை இழந்தவர்களிடம் ஒரு மருத்துவர் கேட்டு 1971-இல் வெளியிட்டதில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. பெரும்பாலோர் வெளியில் சொன்னதே இல்லை. நானும் இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

தென்றல்:
நெய்தல், அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது. மருந்து கொடுத்ததும் தெளிந்துவிட்டார். ஆனால் எறும்பு இருந்தது என்றே இன்னும் சாதிக்கிறார், "நீதானே வாங்கிப் போட்டே" என்கிறார். மறுத்துச் சொல்லலாமா, அப்படியே விட்டுவிடலாமா?