புதுப்பிப்பு: சிங்கப்பூரிலிருந்து டிரோன் கொண்டுவர வரி எவ்வளவு?

கானாடுகாத்தானில் ஐயா காலத்து வீட்டின் ஓட்டுக்கூரையைப் படமெடுக்க, மாமா சிங்கப்பூரிலிருந்து டிரோன் வாங்கி வந்தால் சுங்கவரி எவ்வளவு என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விலை, சரக்குக் கட்டணம், காப்பீடு கூட்டி, அதன்மேல் சுங்கவரி, பிறகு ஐஜிஎஸ்டி (இறக்குமதிப் பொருளுக்கான ஜிஎஸ்டி) என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "வரி இருக்கட்டும், முதல்ல கொண்டுவரலாமான்னு பாருங்க" என்று ஒரு அண்ணன் எழுதியதுதான் காப்பாற்றியது. 2022 பிப்ரவரி 9 முதல் டிரோன் இறக்குமதிக்கே தடை. ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. பிரித்துக் கொண்டுவரும் முழு செட்டும் தடைக்குள்தான். தனி உதிரிபாகங்களுக்குத் தடையில்லை.

எதிர்பாராதது: 250 கிராம் வரையுள்ளதற்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம், ஆனால் இறக்குமதித் தடை அதற்கும் உண்டு.

நல்லவேளை, மாமா இன்னும் பணம் கட்டவில்லை. இந்தியத் தயாரிப்பு ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன், ஜிஎஸ்டி 5%.