போர்ட்டபிள் ஏசி ஓடுகிறது, அறை குளிரவில்லை. நள்ளிரவில் கோட் காட்டி நின்றும் விடுகிறது

மேல்மாடி:
வணக்கம். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. மேல்மாடி அறை, 10க்கு 12 அடி. பகலெல்லாம் வெயில் வாங்கிய தளம் இரவில் சூட்டை இறக்குகிறது. வாடகை வீடு என்பதால் சுவரில் துளை போட முடியாது. அதனால்தான் சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி வாங்கினேன். ஒற்றை ஹோஸ் (சூட்டை வெளியே தள்ள ஒரே குழாய்), 12,000 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு).

18 டிகிரியில் வைத்து நான்கு மணி நேரம் ஓட விட்டாலும் அறை 31ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. பெட்டி முன்னால் நின்றால் ஜில்லென்று காற்று வருகிறது. கட்டிலுக்குப் போனால் ஒன்றும் இல்லை. இது போதாதென்று நள்ளிரவில் 'எஃப்எல்' என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அப்பா வேர்த்து எழுந்துவிடுகிறார், தையல் போட்ட இடம் நனைகிறது. பெட்டி பழுதா, இல்லை நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளிர்காற்று:
கேஸ் குறைந்திருக்கும். ஆளைக் கூப்பிட்டு ஃபில் பண்ணச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

பழைய மெக்கானிக்:
சகோதரி, அவசரப்பட்டு கேஸ் பக்கம் போக வேண்டாம். கேஸ் எண்ணெய் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் போகும். இப்போது வரும் போர்ட்டபிள் பெட்டிகள் பலவற்றில் ஆர்-290 இருக்கிறது. அது புரொப்பேன், தீப்பிடிக்கும். பழகாத கையில் கொடுக்கக் கூடாது.

முதலில் ஒரு சோதனை. அறை வெப்பமானியை எடுத்து, பெட்டி காற்றை இழுக்கும் ஃபில்டர் பக்கம் பத்து நிமிடம் வையுங்கள், அப்புறம் குளிர்காற்று வரும் வாயில் பத்து நிமிடம். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் கம்ப்ரஸரும் கேஸும் நன்றாக இருக்கின்றன. அதைச் சொல்லுங்கள். ஹோஸ் எவ்வளவு நீளம், ஜன்னலில் எப்படி வைத்திருக்கிறீர்கள், அறையில் எத்தனை கதவு என்பதையும் எழுதுங்கள்.

மேல்மாடி:
பார்த்துவிட்டேன் அண்ணா. இழுக்கும் பக்கம் 31, வரும் காற்று 20. ஃபில்டரை நேற்றுதான் கழுவினேன்.

கட்டில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதால் இன்னொரு ஹோஸ் வாங்கி இணைத்தேன். மொத்தம் 3 மீட்டர் இருக்கும். நடுவில் தொங்கி, ஜன்னல் கிட்டே ஒரு வளைவு. தள்ளு ஜன்னலைப் பாதி திறந்து ஹோஸை நீட்டி, மீதி இடத்தில் துண்டைத் திணித்திருக்கிறேன். ஹால் பக்கம் ஒரு கதவு, உள்ளேயே பாத்ரூம் கதவு ஒன்று. அங்கே பவர் பாயிண்ட் இல்லாததால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருக்கிறேன்.

பழைய மெக்கானிக்:
11 டிகிரி. உங்கள் பெட்டி நல்ல பெட்டி. அதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

இனி சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த வகை ஏசியில் நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். ஒற்றை ஹோஸ் பெட்டி, தன் கண்டென்ஸரை, அதாவது சூட்டை வெளிவிடும் சுருளை, குளிர்விக்க உங்கள் அறைக் காற்றையே எடுக்கிறது. அதைச் சூடாக்கி ஜன்னல் வழியாக வெளியே தள்ளுகிறது. வெளியே போன காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும் இல்லையா? கதவிடுக்கு, ஜன்னல் சந்து, வென்டிலேட்டர் என்று கிடைத்த வழியிலெல்லாம் வெளிச்சூடு உள்ளே வரும். ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் அறை ஏறக்குறைய 34 கன மீட்டர். இப்படிப்பட்ட பெட்டி மணிக்குச் சுமார் 300 கன மீட்டர் வெளியே தள்ளும். அதாவது ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒன்பது முறை அறைக் காற்று முழுவதும் மாறுகிறது. பெட்டி குளிர்விக்கிறது, குளிர்ந்த காற்றில் ஒரு பங்கைத் தானே வெளியே எறிகிறது, அதன் இடத்தில் வெயில் காற்று வந்து உட்காருகிறது.

ஆகவே எந்த வழியாகக் காற்று வருகிறது என்று கண்டுபிடியுங்கள். பெட்டியை ஓட விட்டு, எல்லாக் கதவையும் மூடி, மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து ஒவ்வொரு சந்திலும் பிடியுங்கள். எங்கே அது உள்பக்கம் பறக்கிறதோ அங்கேதான் விஷயம்.

மேல்மாடி:
ஹால் கதவில் லேசாக ஆடியது. துண்டு திணித்த ஜன்னலில் நன்றாகவே ஆடியது. பாத்ரூம் கதவடியில் வைத்ததும் காகிதம் படுக்கையாக நீண்டு படபடவென்று அடித்தது. கையை வைத்தால் அனல். பாத்ரூமில் மேலே கண்ணாடிப் பட்டை வென்டிலேட்டர் இருக்கிறது, எப்போதும் திறந்தே இருக்கும். இத்தனை நாளும் அதன் வழியாகத்தான் வெயிலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேனா?

ஜன்னலோரம்:
எனக்கும் இதே கதைதான். அந்த வென்டிலேட்டரை தெர்மாகோல் வெட்டி அடைத்து டேப் ஒட்டிவிடுங்கள் அக்கா. அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

பழைய மெக்கானிக்:
நில்லுங்கள். அடைப்பதற்கு முன் ஒரு கேள்வி. அந்த பாத்ரூமில் வெந்நீருக்கு என்ன இருக்கிறது, கரண்ட் கீசரா, கேஸ் கீசரா?

மேல்மாடி:
கேஸ் கீசர்.

பழைய மெக்கானிக்:
அப்படியானால் வென்டிலேட்டரை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

பெட்டி ஓடும்போது அறையில் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். உங்கள் காகிதம் பறந்தது அதனால்தான். கீசர் எரியும்போது அதன் புகை வெளியே போவதற்குப் பதிலாக இந்த இழுப்பில் அறைக்குள் வரலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம், தூக்கம் என்று வரும். உடம்பு தேறிக்கொண்டிருக்கிறவர் அதை மருந்துக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார். உயிருக்கே ஆபத்து.

கீசர் எரியும் நேரத்தில் ஏசி ஓடக் கூடாது, வென்டிலேட்டர் திறந்தே இருக்க வேண்டும். குளித்து முடித்து, சிலிண்டர் வால்வை மூடி, கொஞ்ச நேரம் காற்றாட விட்ட பிறகு ஏசியைப் போடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி அப்பா அறையில் வையுங்கள். முடிந்தால் அந்த கீசரையே வெளிப்பக்கம் மாற்றச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். குளியலறைக்குள் அது இருப்பதே சரியில்லை, ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நீங்கள் அடைக்க வேண்டியது பாத்ரூம் கதவின் சந்தை, அறைப் பக்கத்திலிருந்து. கதவடிக்கு ரப்பர் பட்டை, சட்டத்தைச் சுற்றி ஒட்டும் ஃபோம். ஹால் கதவை மட்டும் அப்படியே விடுங்கள். எப்படியும் காற்று வரத்தான் போகிறது, அது நிழலில் கிடக்கும் ஹால் காற்றாக வரட்டும். எல்லாச் சந்தையும் இறுக்கினால் கண்டென்ஸருக்குக் காற்றுப் பற்றாது.

ஜன்னலோரம்:
மன்னிக்கவும் அக்கா, எனக்கு இது தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் கரண்ட் கீசர், அதனால் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஜன்னல் விஷயத்தில் உதவுகிறேன். துண்டை எடுத்துவிட்டு, ஜன்னல் திறப்பின் முழு உயரத்துக்கு ஒரு மரப்பலகையோ கெட்டியான அக்ரிலிக்கோ வெட்டி, ஹோஸ் வாய்க்கு மட்டும் வட்டம் போட்டு, ஓரத்தில் ஃபோம் ஒட்டுங்கள். ஹோஸை அதன் சொந்த நீளத்துக்கு மேல் நீட்டாதீர்கள். நான் நீட்டிப் பார்த்தேன், பெட்டி சூடேறி அடிக்கடி நின்றது.

வயரிங்:
எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெட்டி ஓடி அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். 1,200 வாட் என்றால் 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்கு மேல், அதுவும் மணிக்கணக்கில். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். மெல்லிய வயர் பாக்ஸ் இதற்கு ஆகாது. சுவர் பவர் பாயிண்டில் நேராகச் செருக வேண்டும்.

மேல்மாடி:
தொட்டேன். பிளக் சூடாக இருக்கிறது, பாக்ஸின் ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் லேசாக மஞ்சளாகியிருக்கிறது. உடனே நிறுத்திவிட்டேன். பவர் பாயிண்ட் ஜன்னலுக்குக் கீழேயே இருக்கிறது, கட்டிலைத்தான் நகர்த்த வேண்டும். நாளைக்கு எல்லாவற்றையும் செய்துவிட்டு எழுதுகிறேன். எஃப்எல் என்பது என்ன அண்ணா?

பழைய மெக்கானிக்:
கோட் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பாருங்கள். எஃப்எல் என்றால் பெரும்பாலும் தண்ணீர் நிரம்பிவிட்டது என்று பொருள். குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து அடியில் சேரும். பெட்டி அதைச் சூடான கண்டென்ஸர் மேல் தெளித்து ஆவியாக்கி ஹோஸ் வழியாக வெளியே அனுப்பப் பார்க்கும். காற்றில் ஈரம் அதிகமானால் ஈடு கொடுக்க முடியாது. மிதவை மேலே வரும், கம்ப்ரஸர் நிற்கும். பழுது இல்லை, பாதுகாப்பு. உங்கள் பாத்ரூம் கதவடியில் ஈரக் காற்றும் சேர்ந்தல்லவா வந்துகொண்டிருந்தது? அதை அடைத்தாலே தண்ணீர் குறையும். டிரெய்ன் டியூப் மாட்டியிருக்கிறீர்களா?

மேல்மாடி:
மாட்டி ஒரு வாளிக்குள் விட்டேன். ஒரு சொட்டுகூட வரவில்லை.

பழைய மெக்கானிக்:
வாளி விளிம்பு டிரெய்ன் வாயைவிட உயரமாக இருக்கும். தண்ணீர் மேலே ஏறாது. டியூப் வாயிலிருந்து முனை வரை இறக்கமாகவே போக வேண்டும், நடுவில் மடியக் கூடாது. பாத்ரூம் தரை அறையைவிடத் தாழ்வாக இருந்தால், ரப்பர் பட்டையில் டியூப் அளவுக்கு மட்டும் வெட்டி அந்தப் பக்கம் விடுங்கள். பெட்டியை ஸ்டூல் மேல் ஏற்றிவிடாதீர்கள், கனமான பொருள், சாயும்.

இன்னொன்று. 18இல் வைப்பதால் சீக்கிரம் குளிராது. பெரும்பாலான போர்ட்டபிள் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 26இல் வையுங்கள், கூடவே மின்விசிறியைப் போடுங்கள்.

வெயில் தாங்காதவன்:
இடையில் ஒரு சந்தேகம். 12,000 பிடியூ என்றால் ஒரு டன்தானே? ஒரு டன் ஸ்பிளிட் இதைவிடப் பெரிய அறையைக் குளிர்விக்கிறதே.

பழைய மெக்கானிக்:
ஒரு டன்தான், 3.5 கிலோவாட். ஆனால் அது ஹோஸ் சூட்டையும் உள்ளே நுழையும் காற்றையும் கணக்கில் எடுக்காத எண். அமெரிக்க லேபிள் உள்ள பெட்டிகளில் 'எஸ்ஏசிசி' என்று இரண்டாவது எண் இருக்கும். அது இரண்டையும் கழித்த பிறகு வருவது, கணிசமாகக் குறைவாக இருக்கும். வாங்கும்போது அதைப் பாருங்கள். இரட்டை ஹோஸ் பெட்டி கண்டென்ஸருக்கு வெளிக்காற்றையே எடுப்பதால் இந்த இழுப்பு மிகவும் குறையும்.

மேல்மாடி:
எல்லாம் முடிந்தது. பெட்டி இப்போது ஜன்னலுக்குக் கீழே, சுவர் பாயிண்டில். பழைய ஹோஸ் மட்டும், ஒரு மீட்டருக்கும் குறைவாக நேராகப் போகிறது. தொட்டால் சுட்டதால் பழைய போர்வையைச் சுற்றிக் கட்டினேன். ஜன்னலுக்குத் தச்சர் பலகை வெட்டிக் கொடுத்தார். பாத்ரூம் கதவடியில் இப்போது காகிதம் அசையவே இல்லை, ஹால் கதவில் மட்டும் ஆடுகிறது.

நேற்று இரவு பத்து மணிக்கு 31. பன்னிரண்டரைக்கு 27. கோட் வரவில்லை. டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடியும்வரை தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு எழுந்து பார்த்தேன், அப்பா போர்வையை மார்பு வரை இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் போர்வை கேட்டதே இல்லை. எல்லோருக்கும் நன்றி. கீசரைப் பால்கனிக்கு மாற்ற வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். அதுவரை அப்பாவுக்கு வெந்நீர் அடுப்பில் வைத்துத்தான் கொடுக்கிறேன்.

பழைய மெக்கானிக்:
ரொம்ப சந்தோஷம் சகோதரி. அடுப்பு எரியும்போதும் சமையலறை ஜன்னல் திறந்திருக்கட்டும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். கரண்ட் போய் வந்தால் பெட்டி மூன்று நிமிடம் சும்மா இருக்கும், அது கம்ப்ரஸருக்காக. பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். கோடை முடிந்து எடுத்து வைக்கும்போது அடிப்பக்க மூடியைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, அரை நாள் ஃபேன் மட்டும் ஓட விட்டு, நிமிர்த்தியே வையுங்கள். வீடு மாறும்போது வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோக நேர்ந்தால், இறக்கிய பிறகு ஒரு நாள் நிமிர்ந்து நிற்கட்டும், அப்புறம் போடுங்கள்.