உதவி: ரொட்டி வாங்க நாயைக் கொடுப்பார்களா? (ஸ்பானியச் சொல் சந்தேகம்)

நூல்கண்டு:
ஸ்பானியக் கதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 1920களின் மாட்ரிட். ஒரு கிழவி பையனிடம் 'பெர்ரா கோர்தா' ஒன்றைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறாள். அகராதி 'பருத்த பெட்டை நாய்' என்கிறது. இரண்டு நாட்களாக அந்த நாயோடு மல்லுக்கட்டுகிறேன்.

பழங்காசு:
அது 10 சென்டிமோ வெண்கலக் காசு அம்மா. இப்படிப் பத்துக் காசு சேர்ந்தால் ஒரு பெசெட்டா, அதாவது ஸ்பெயினின் அன்றைய நாணயம். 5 சென்டிமோவுக்குப் பெயர் 'பெர்ரா சிக்கா', சின்ன நாய்.

வழிப்போக்கன்:
நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். இங்கே காசே நாயா!

நூல்கண்டு:
நன்றி ஐயா. ஆனால் 1870ஆம் ஆண்டுக் காசின் படத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் பாறைமேல் ஒரு பெண், மறுபக்கம் சிங்கம். நாய் எங்கே?

பழங்காசு:
அந்தச் சிங்கம்தான் நாய். 1868 புரட்சியில் ராணி இரண்டாம் இசபெல் பிரான்சுக்குத் தப்பியோடினார். அதே ஆண்டு அக்டோபரில் இடைக்கால அரசு பெசெட்டாவை நாட்டின் நாணயமாக்கியது. காசில் பொறிக்க அரசமுகம் இல்லை. ஸ்பெயினையே பெண்ணாக உருவகித்துப் பாறைமேல் உட்காரவைத்தார்கள். பின்புறம், பின்னங்கால்களில் எழுந்து நின்று கேடயத்தைப் பிடித்திருக்கும் சிங்கம். கம்பீரமாக இருந்திருக்க வேண்டியது, மக்கள் கண்ணுக்கு நாயாகத் தெரிந்தது. பெரிய காசு 10 கிராம், சின்னது 5 கிராம். அதனால் பெரிய நாய், சின்ன நாய்.

வழிப்போக்கன்:
சிங்கத்தையும் நாயையும் பிரித்தறியாதவர்களா?

பழங்காசு:
அறியாமை என்று நான் நினைக்கவில்லை, கிண்டல்தான். வடக்கு ஸ்பெயினின் பாஸ்க் மொழிக்காரர்களும் தங்கள் சொல்லில் 'பெரிய நாய்', 'சின்ன நாய்' என்றே அழைத்தார்கள். பிறகு மன்னர் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோவின் முகத்தோடு காசு வந்தது; சிங்கம் போய்விட்டது, பெயர் போகவில்லை. 1940களில் குதிரை வீரன் பொறித்த அலுமினியக் காசும் பெர்ராதான். கையில் காசில்லை என்பதற்கு 'ஒரு பெர்ராகூட இல்லை' என்று இன்றும் சொல்வார்கள்.

நூல்கண்டு:
கிழவி பிழைத்தாள். ஆனால் பத்துப் பக்கம் தள்ளி இருவர் வாக்குவாதம் செய்கிறார்கள். ஒருவன் அலுத்துப்போய், 'பெர்ரா கோர்தா உனக்கே' என்கிறான். பந்தயக் காசா?

பழங்காசு:
காசு எதுவும் கைமாறவில்லை. 'சரி, நீயே ஜெயித்ததாக வைத்துக்கொள், ஆளை விடு' என்று பொருள். ஒப்புக்கொள்வதுபோலச் சொல்வது, மனத்தில் ஒப்புதல் இருக்காது. அங்கே நாயை விட்டுவிடுங்கள்.

வழிப்போக்கன்:
விடக்கூடாது. முதலில் 'பெரிய நாய்க்காசு' என்று போட்டுவிட்டால், பின்னால் 'அந்த நாய்க்காசை நீயே வைத்துக்கொள்' என்பது தமிழில் தானாகப் புரியும்.

நூல்கண்டு:
கிழவிக்கு 'நாய்க்காசு' உறுதி. இரண்டாவது இடத்தில் வழிப்போக்கன் சொன்னதைப் போட்டு வாய்விட்டுப் படித்தேன். எரிச்சல் சரியாக விழுகிறது. பழங்காசு ஐயா, மன்னிக்கவும்.

பழங்காசு:
சரி, பெர்ரா கோர்தா உங்களுக்கே.