ஓமனுக்கு என்று அப்போஸ்டில் போட்டாயிற்று, இப்போது வேலை துபாயில்: சான்றிதழ்களை என்ன செய்வது?

மதுரைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அவசர உதவி தேவை.

பி.இ. சிவில் முடித்து மதுரையில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருக்கிறேன். மஸ்கட்டில் வேலை என்று ஆஃபர் வந்தது. அதற்காக டிகிரிச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் ஒரு ஏஜென்டிடம் கொடுத்து அப்போஸ்டில் (சான்றிதழ் வெளிநாட்டில் செல்வதற்காக நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் ஸ்டிக்கர்) வாங்கினேன். இப்போது அதே கம்பெனி, "மஸ்கட் புராஜெக்ட் தள்ளிப்போகிறது, துபாய் ஆபீசில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்கிறது. துபாய் ஹெச்.ஆர். என் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இது இங்கே செல்லாது, யு.ஏ.இ. எம்பசி அட்டெஸ்டேஷன் வேண்டும்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார்.

ஏஜென்டைக் கேட்டால், எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொல்கிறார். எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மறுக்கிறார். இதே ஒரிஜினலில் மறுபடி ஸ்டாம்ப் போட முடியுமா, அல்லது பல்கலைக்கழகத்தில் வேறு பிரதி வாங்க வேண்டுமா? இன்னொன்று, டிகிரியில் என் பெயரோடு இனிஷியல் மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. இதனால் சிக்கல் வருமா?

கட்டடக்கலை:

நண்பரே, அப்போஸ்டில் என்பது சர்வதேச முத்திரை. எல்லா நாட்டுக்கும் செல்லும். ஹெச்.ஆருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். மறுபடி ஒரு மெயில் போட்டுப் பாருங்கள்.

ஷார்ஜாவாசி:

இல்லைங்க, அப்படிச் சொல்லி அவரை அலைய விடாதீர்கள். ஹெச்.ஆர். சொன்னது சரி. அப்போஸ்டில் என்பது 1961 அக்டோபர் 5-ஆம் தேதி ஹேக் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குள் மட்டும்தான் செல்லும். இந்தியாவில் அது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓமன் 2012-இல் வந்துவிட்டது. பஹ்ரைன் 2013 கடைசியில், சவூதி 2022 டிசம்பரில். யு.ஏ.இ. அதில் இல்லை, குவைத்தும் கத்தாரும் இல்லை. வளைகுடா என்றால் எல்லாம் ஒன்று என்று ஏஜென்ட்களே சொல்வார்கள். நம்பாதீர்கள்.

துபாய்க்கு அட்டெஸ்டேஷன், அதாவது சான்றொப்பம் வாங்கும் வரிசை இப்படி: மாநில அரசு, அப்புறம் டெல்லி வெளியுறவு அமைச்சகம், அப்புறம் இந்தியாவில் உள்ள யு.ஏ.இ. தூதரகம், கடைசியில் இங்கே யு.ஏ.இ. வெளியுறவு அமைச்சகம். நாங்கள் இங்கே அதை மோஃபா என்போம். மோஃபா கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 150 திர்ஹம். பல கம்பெனிகள் டிகிரிக்கு அதைத் தாங்களே கட்டிவிடும். கேட்டுப் பாருங்கள்.

கோட்டைப் பெரியவர்:

தம்பி, தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் உன் டிகிரியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார். அப்போஸ்டில் ஸ்டிக்கரில் ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட வரிகள் இருக்கும். தலைப்பு பிரெஞ்சில் இருக்கும், அது ஒப்பந்தத்தின் விதி. இரண்டாவது வரியில் யாருடைய கையெழுத்து என்று இருக்கும். மூன்றாவதில் அவர் என்ன பதவியில் இருப்பவர் என்று இருக்கும். அந்த ஸ்டிக்கர் உறுதி செய்வது அந்தக் கையெழுத்தையும் முத்திரையையும் மட்டும்தான். நீ பி.இ. படித்தாய் என்று அது சொல்வதில்லை. அட்டெஸ்டேஷன் முழுக்கவே இப்படித்தான் போகும். ஒவ்வொரு அலுவலகமும் தனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவரை மட்டும் அடையாளம் சொல்லும். அதனால் சங்கிலியின் முதல் கண்ணி யார் என்பதுதான் முக்கியம். எத்தனை ஸ்டாம்ப் இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

உன் டிகிரியில் அந்த முதல் கண்ணி யார்? தமிழ்நாடு உயர்கல்வித் துறை முத்திரையா, டெல்லி எஸ்.டி.எம். (சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்) முத்திரையா? அதைப் பார்த்துச் சொல். மற்றதெல்லாம் அதை வைத்துத்தான்.

மதுரைக்காரன்:

ஐயா, மிக்க நன்றி. பார்த்துவிட்டேன். டிகிரியின் பின்பக்கம் வட்டமான நீல முத்திரை ஒன்று, அதில் டெல்லி என்று இருக்கிறது, எஸ்.டி.எம். என்றும் இருக்கிறது. ஸ்டிக்கரின் மூன்றாவது வரியிலும் அதே பதவிதான். தமிழ்நாடு அரசு முத்திரை எதுவும் இல்லை. நான் டெல்லிக்குப் போனதே இல்லை. திருமணச் சான்றிதழிலும் அதே முத்திரைதான்.

கோட்டைப் பெரியவர்:

நினைத்தேன். இது ஏஜென்ட்கள் பிடிக்கும் குறுக்கு வழி. நம் மாநிலத்தில் டிகிரிக்கு உயர்கல்வித் துறை முத்திரை வேண்டுமென்றால், முதலில் பல்கலைக்கழகத்திடம் உண்மைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். டெல்லி எஸ்.டி.எம். வழியில் அந்தச் சரிபார்ப்பு கிடையாது, வேகமாக முடிந்துவிடும். அது போலி என்று நான் சொல்லவில்லை. வெளியுறவு அமைச்சகம் அதை ஏற்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, ஓமனில் உனக்குப் பிரச்சினை வந்திருக்காது. ஆனால் வேலைக்கான டிகிரி என்று வரும்போது, படித்த மாநிலத்தின் கல்வித் துறை முத்திரைதான் வேண்டும் என்று கேட்கிற தூதரகங்களும் கம்பெனிகளும் உண்டு. எஸ்.டி.எம். போதும் என்று ஏஜென்ட் வாயால் சொன்னால் ஏற்காதே. துபாய் ஹெச்.ஆரிடம் மெயிலில் கேள்: "டிகிரிக்கு மாநிலக் கல்வித் துறை அட்டெஸ்டேஷன் கட்டாயமா, எஸ்.டி.எம். ஏற்பீர்களா?" பதில் எழுத்தில் வரட்டும்.

கட்டாயம் என்றால் செய்ய வேண்டியது இது. பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் உண்மைத்தன்மைச் சான்றுக்கு விண்ணப்பம். உன் கல்லூரி இணைப்புக் கல்லூரி என்றாலும் பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம்தான், அங்கேதான் போக வேண்டும். அது வந்ததும் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறை. பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண அட்டெஸ்டேஷன். இந்த முறை அப்போஸ்டில் கேட்காதே. பிறகு யு.ஏ.இ. தூதரகம்.

இதே ஒரிஜினலில் செய்யலாம். பழைய ஸ்டிக்கர் அங்கேயே இருக்கட்டும், அதைப் பிய்க்கக் கூடாது. பின்பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார். வேறு பிரதி வாங்க ஓட வேண்டாம்.

செலவு விஷயம் உனக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டிலுக்கு வாங்குவது ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய். சாதாரண அட்டெஸ்டேஷனுக்குக் கட்டணமே இல்லை. தனி ஆட்களிடம் அமைச்சகம் நேரடியாக ஆவணம் வாங்குவதில்லை. அமைச்சகம் அங்கீகரித்த சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அவர்கள் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. அவர்களுக்கு ஒரு சிறு சேவைக் கட்டணமும், பக்கத்துக்கு ஸ்கேன் காசும் உண்டு. இதற்காக டெல்லிக்குப் போக வேண்டியதும் இல்லை, சென்னையிலும் இந்த வேலை நடக்கிறது. ஆகப் பெரிய செலவு தூதரகக் கட்டணமும் ஏஜென்ட் கூலியும்தான். தூதரகக் கட்டணத்துக்கு ரசீது உண்டு. ரசீதைக் கொடு, உன் கூலியைத் தனியாகச் சொல் என்று ஏஜென்டிடம் கேட்க உனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

ஷார்ஜாவாசி:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சென்னையில் யு.ஏ.இ. துணைத் தூதரகம் இல்லை. டெல்லியில் தூதரகம், மற்றபடி மும்பை, திருவனந்தபுரம் போன்ற ஊர்களில் துணைத் தூதரகம். மதுரைக்கு திருவனந்தபுரம்தான் பக்கம்.

இனிஷியல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உள்ள கதைதான் இது. இனிஷியலின் விரிவு பாஸ்போர்ட்டில் உள்ள அப்பா பெயரோடு பொருந்தினால் பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை. எழுத்துக்கூட்டல் மாறியிருந்தால்தான் தொல்லை. டிகிரியில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு 'ஹெச்' கூட என்று இருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் நகலும் கையில் இருக்கட்டும், அப்பா பெயருக்கு அதைக் கேட்பவர்கள் உண்டு.

தேனி ராகம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அண்ணன் மகளுக்கு ஜெர்மனியில் கல்யாணப் பதிவு. ஜெர்மனி ஒப்பந்தத்தில் இருக்கிறது, இந்தியாவும் இருக்கிறது. அப்போ அப்போஸ்டில் போதும்தானே?

கோட்டைப் பெரியவர்:

போதாது. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. இரண்டு நாடும் ஒப்பந்தத்தில் இருந்தாலும் இருவருக்கும் இடையே அது நடைமுறையில் இல்லை. அங்குள்ள பதிவு அலுவலகம் கேட்டால், ஜெர்மன் தூதரகம் இந்திய ஆவணத்தை ஆள் வைத்துச் சரிபார்த்து அறிக்கை கொடுக்கும். அதனால் இங்கே எதுவும் செலவு செய்வதற்கு முன்னால், கல்யாணம் பதிவாகும் ஊரின் அலுவலகம் என்ன கேட்கிறது என்று எழுதி வாங்குங்கள். படிக்கப் போகிறவர்களுக்கு நடைமுறை வேறு. அவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்று, அதாவது கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு கொடுக்கும் சான்று, கட்டாயம்.

மதுரைக்காரன்:

ஹெச்.ஆர். பதில் வந்துவிட்டது. "டிகிரிக்கு மாநிலக் கல்வித் துறை முத்திரை கட்டாயம். திருமணச் சான்றிதழ் குடும்ப விசா சமயத்தில் போதும்." ஐயா சொன்னபடியே கேட்டதால் தெளிவாகிவிட்டது. உண்மைத்தன்மைச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஏஜென்டிடம் ரசீது கேட்டதும் தொகை கணிசமாக இறங்கியது. ஆனாலும் டிகிரியை அவரிடம் இனிக் கொடுக்கப் போவதில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். மனைவி, மகள் இருவரையும் பிறகு கூட்டிப்போக வேண்டும். மகளின் பிறப்புச் சான்றிதழில் அவள் பெயரே இல்லை, பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. மாமியார் வீட்டில் இருந்த என் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் லேமினேஷன் செய்யப்பட்டிருக்கிறது. அதுவும் தேவைப்படுமா?

ஷார்ஜாவாசி:

டிகிரி இருக்கும்போது பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலைப் பொதுவாகக் கேட்பதில்லை. அதைத் தொடாதீர்கள். இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி உரிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள், மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். பிளாஸ்டிக் மேல் ஸ்டாம்பும் ஒட்டாது, ஸ்டிக்கரும் நிற்காது. நிஜமாகவே தேவை வந்தால் அரசுத் தேர்வுத் துறையில் நகல் வாங்குவதுதான் வழி.

மகளின் சான்றிதழை இன்றே கவனியுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்ததும் பெயர் இல்லாமல் பதிவாகும். நாம் பெயர் வைத்த பிறகு போய்ச் சேர்க்க வேண்டும். அது பலருக்கு விட்டுப்போகிறது. பிறப்பைப் பதிவு செய்த மாநகராட்சி அல்லது நகராட்சி சுகாதாரப் பிரிவில் பெயர் சேர்க்க விண்ணப்பம் கொடுங்கள். பிறந்து ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, தாண்டினால் தாமதக் கட்டணம் உண்டு. பாஸ்போர்ட்டில் போடும் அதே எழுத்துக்கூட்டலில் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் ஏறிய புதுச் சான்றிதழைத்தான் அட்டெஸ்டேஷனுக்குக் கொடுக்க வேண்டும்.

திருமணச் சான்றிதழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கியதுதானே? கோயில் ரசீதோ மண்டபப் பத்திரிகையோ எடுபடாது. குடும்ப விசாவுக்குச் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹம், அல்லது 3,000-மும் தங்குமிடமும். அரபி மொழிபெயர்ப்பை இந்தியாவில் செய்யாதீர்கள். எல்லா ஸ்டாம்பும் விழுந்த பிறகு, இங்கே நீதி அமைச்சக உரிமம் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். முன்கூட்டியே செய்தால் பின்னால் விழும் ஸ்டாம்ப் மொழிபெயர்ப்பில் வராது, மறுபடி காசு கொடுக்க வேண்டும்.

மதுரைக்காரன்:

சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கியதுதான். மகளின் பெயருக்கு நாளைக் காலை மாநகராட்சி அலுவலகம் போகிறேன். ஐயாவுக்கும் உங்களுக்கும் மனமார்ந்த நன்றி.

கோட்டைப் பெரியவர்:

நல்லது தம்பி. திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் கல்வித் துறைக்குப் போகாது. அவை தனிநபர் ஆவணங்கள், தலைமைச் செயலகத்திலேயே வேறு துறை பார்க்கும். மூன்றையும் ஒரே கவரில் போட்டு ஒரே இடத்தில் நீட்டாதே. கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றின் இரண்டு பக்கத்தையும் கலரில் ஸ்கேன் எடுத்து வை. ஒவ்வொரு முத்திரை விழுந்த பிறகும் பின்பக்கத்தை மறுபடி எடு.

பரமக்குடி பாபு:

ஐயா, கத்தாருக்கு நர்ஸ் வேலை. என் தங்கைக்கும் இதே வரிசைதானா?

கோட்டைப் பெரியவர்:

ஆமாம், கத்தாருக்கும் அப்போஸ்டில் கிடையாது. டிகிரி கொடுத்த பல்கலைக்கழகத்திலிருந்து ஆரம்பித்து, இந்தியாவில் கடைசியாகக் கத்தார் தூதரகம். நர்ஸ் என்றால் அங்கே உரிமம் கொடுக்கிற அமைப்பு சான்றிதழ்களைத் தனியாகவும் சரிபார்க்கும். அந்தச் சரிபார்ப்புக்கு அவர்கள் கேட்கும் பட்டியலை முதலில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நர்சிங் கவுன்சில் பதிவும் அதில் இருக்கும்.